அறுவை வீதியும் அழகர்மலையும்

'அறுவை' என்னும் சொல் இக்காலத்தில் மருத்துவமனையையே நினைவூட்டும். பண்டைத் தமிழிலோ அது ஆடையைக் குறித்தது. அறுக்கப்படுவதால் அறுவை, துணிக்கப்படுவதால் துணி, துண்டிக்கப்படுவதால் துண்டு. நெசவும் தையலும் தமிழுக்கு ஈந்த செல்வங்கள் இச்சொற்கள்.

சிலப்பதிகாரத்தின் 14ஆம் காதையாகிய ஊர்காண் காதையில், கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் விடுத்துக் கோவலன் மதுரை நகரைக் காணச் செல்கிறான். மணி விற்கும் வீதியையும் பொற்கடை வீதியையும் கடந்து அவன் காண்பது அறுவை வீதி. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த ஆடை மடிப்புகள் பல நூறாக அங்கே அடுக்கப்பட்டிருந்தன என்கிறார் இளங்கோவடிகள். அதனை அடுத்துக் கூல வீதி வருகிறது. பண்டத்திற்கு ஒரு வீதி என வகுத்த நகரமைப்பு இதனால் விளங்கும்.

புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைப் பாடும் 5ஆம் காதை, நெய்வோரோடு தைப்போரையும் சேர்த்துக் கூறுகிறது. தைப்போர்க்குத் துன்னகாரர் என்று பெயர். துணியாலும் நெட்டியாலும் அழகிய பொருள்கள் செய்த கைவினைஞரும் அவர்களை அடுத்தே வாழ்ந்தனர். மூலப்பொருளும் கைத்திறனும் ஒரே இடத்தில் கிடைத்த அங்காடி அது.

இவை புலவரின் கற்பனையே எனக் கருதுவோர்க்குக் கல் விடை கூறுகிறது. மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில் சமண முனிவர்க்குரிய கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளில் பொற்கொல்லன், உப்பு வணிகன் ஆகியோருடன் 'அறுவை வணிகன்' ஒருவனும் இடம்பெறுகிறான். அவ்வெழுத்துகள் ஈராயிரம் ஆண்டுகள் பழைமையானவை என்பது கல்வெட்டறிஞர் கருத்து. ஆடையையும் பற்றெனக் கொண்டு துறக்கும் நெறியினர்க்கு, ஆடை விற்று வாழ்ந்தவன் துணை நின்றான். அறத்தாற்றின் ஈட்டிய பொருளை அறத்திற்கே ஈந்த இல்லறத்தானுக்கு இது பழையதொரு சான்று.

அறுவை வீதியின் மரபு மதுரையில் அற்றுப் போகவில்லை. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபம், பிற்காலத்தில் துணியும் வளையலும் பாத்திரமும் நூல்களும் விற்கும் அங்காடியாயிற்று. சிற்பத் தூண்களினிடையே தையற்பொறிகள் ஓடின. சித்திரைத் திருவிழாவில் வேடம் புனைவோர்க்குரிய வண்ண ஆடைகளை அங்கிருந்த தையற்கலைஞரே தைத்துத் தந்தனர். மண்டபத்தின் பழைமையைக் காக்கும் பொருட்டு அண்மைக் காலத்தில் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. சிற்பங்களைக் காப்பது கடமையே. எனினும் இடம் மாறிய தொழிலாளரைத் தேடிச் சென்று ஆதரிப்பதும் அதற்கிணையான கடமையாகும். கல்லைக் காத்துக் கைத்தொழிலை இழந்தால் மரபில் பாதியே எஞ்சும்.

கற்படுக்கைகளுக்கும் இன்று காவல் வேண்டும். பாறைகளில் தம் பெயரைக் கீறிச் செல்வோர் கையால் பழைய எழுத்துகள் சிதையக்கூடும். விழாக்காலத்தில் துணி எடுக்க மதுரை செல்லும் குடும்பத்தார், ஒரு முற்பகலை அழகர்மலைக்கு ஒதுக்கலாம். புத்தாடை வாங்கித் தந்த கைகளே பிள்ளைகளுக்கு அந்த அறுவை வணிகனின் எழுத்தையும் சுட்டிக்காட்டட்டும்.