இரசம் எந்தக் கூட்டத்தில் சேரும்?



போன கிழமை வகுப்பில் நுண்ணறிவு வினாக்கள் செய்வித்தோம். "இரும்பு : திண்மம் :: இரசம் : ?" என்று ஒரு கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் "திரவம்" என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் எழும்பி, "சேர், ரஷ்யாக் குளிரிலயும் அது திரவம்தானா?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. "கேட்டதுக்கு மட்டும் விடை எழுதுங்க" என்று சொல்லி நாங்கள் அந்தப் பிள்ளையை இருத்திவிட்டோம்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியபோது வெட்கமாகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

சுமார் 1,100 வருடங்களுக்கு முன் வாழ்ந்த மருத்துவர் அபூபக்ர் அர்-ராஸி, பொருட்களை நெருப்பில் வைத்துப் பார்த்து வகைப்படுத்தினார். தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு போன்றவற்றை "அஜ்ஸாத்", அதாவது உடல்கள் என்றார். சூடாக்கினால் ஆவியாகிப் போகும் கந்தகம், நவச்சாரம் போன்றவற்றை "அர்வாஹ்" என்றார். நமக்குத் தெரிந்த "ரூஹ்" என்ற சொல்லின் பன்மைதான் அது. இரசத்தையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தார். இரும்போடு அல்ல, கந்தகத்தோடு!

பிறகு பல நூறு வருடங்களாக, இரசம் உண்மையான உலோகமா என்ற சந்தேகம் அறிஞர்களிடம் இருந்துகொண்டே வந்தது. உலோகம் என்றால் தட்டி நீட்ட முடிய வேண்டுமே!

1759 டிசம்பரில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் கடும் குளிர். ஜோசப் பிரவுன் என்ற பேராசிரியர் பனியையும் அமிலத்தையும் கலந்து, அதற்குள் இரச வெப்பமானியை வைத்தார். இரசம் அசையாமல் உறைந்தது. லொமொனோசோவும் அந்தப் பரிசோதனைகளில் சேர்ந்துகொண்டார். கண்ணாடியை உடைத்து, உள்ளே இருந்ததைச் சுத்தியலால் தட்டினார்கள். ஈயம் போல அது தட்டையானது. இரசமும் உலோகம்தான் என்பது அப்போது உறுதியானது.

இரசம் உறைவது ஏறத்தாழ -39°C இல். சைபீரியாவின் சில ஊர்களில் மாரிகாலக் குளிர் அதற்கும் கீழே போகும். ஆகவே அந்தப் பிள்ளை கேட்டது நூறு வீதம் சரியான கேள்வி.

திண்மம், திரவம், வாயு என்பவை ஒரு மூலகத்தின் நிரந்தர முகவரி அல்ல. அந்த நேரத்து வெப்பநிலையில் அது இருக்கும் நிலை மட்டுமே. எங்கள் வினாத்தாளில் "அறை வெப்பநிலையில்" என்ற இரண்டு சொற்கள் விடுபட்டிருந்தன.

அடுத்த நாள் முழு வகுப்புக்கும் முன்னால் எங்கள் பிழையை ஒப்புக்கொண்டோம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இப்படியான வினாக்களைப் பயிற்றும்போது விடையைப் பாடமாக்க விடாதீர்கள். "முதல் இரண்டு சொல்லுக்கும் என்ன தொடர்பு? அது எப்போது உண்மை?" என்று கேளுங்கள். குறுக்கே கேள்வி கேட்கும் பிள்ளையை எங்களைப் போல இருத்திவிடாதீர்கள்.