தேய்ந்ததா, மறைந்ததா?

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி ஓர் ஐயம் எழுகிறது. 'டிக்ளைன்', 'டுவிண்டில்', 'வேனிஷ்', 'பெரிஷ்' ஆகிய சொற்களுக்கு அகராதியைப் புரட்டினால் குறைதல், அழிதல் என்றே பொருள் கிடைக்கிறது. எதை எங்கே எழுதுவது? நாம் வாழும் ஜொகூர் மண்ணின் வரலாற்றிலேயே விடை தேடுவோம்.

ரப்பருக்கு முன்னே இங்கு செழித்தவை கம்பிரும் மிளகும். கம்பிர், வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் பயன்பட்டது. 1844 முதல் தெமெங்கோங் இப்ராகிம், ஸ்கூடாய், தெப்ராவ் ஆற்றோரங்களில் பயிரிடச் சீனக் குடியேறிகளுக்கு உரிமைச் சீட்டு வழங்கினார். கம்பிர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதனால் காடு குறைந்தது. மண்ணும் சத்திழந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் கூடுதல் வருவாய் தரவே, கம்பிர்த் தொழில் படிப்படியாகச் சரிந்தது. உயர்ந்து நின்ற ஒன்று இப்படித் தன் நிலையிலிருந்து இறங்குவதே 'டிக்ளைன்'.

அடுத்து ரப்பர். ஒரு காலத்தில் உலகிலேயே அதிக ரப்பர் விளைவித்த நாடு நம் நாடு. 1960களிலிருந்து தோட்டங்கள் பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டன. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து நம்மை முந்தியது. ஆனாலும் ரப்பர் மரம் இன்றும் இருக்கிறது. தேய்பிறைபோல அளவிலும் எண்ணிக்கையிலும் சிறுகச் சிறுகக் குறைந்து, கொஞ்சமாக எஞ்சுவதே 'டுவிண்டில்'.

'வேனிஷ்' வேறு வகை. விடியற்காலையில் நிரையில் படர்ந்திருக்கும் பனிமூட்டம் வெயில் ஏறியதும் சுவடே இல்லாமல் போகிறதே, அதற்கே இச்சொல் பொருந்தும்.

'பெரிஷ்' என்பதோ துயரத்தின் சொல். ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் மரண ரயில்பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் மடிந்தனர். அவர்கள் 'மறைந்துபோனார்கள்' என்று எழுதினால் அந்தக் கொடுமையே மறைந்துவிடும்.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் தன்வினை, பிறவினை என்று படிக்கிறோம். 'அழிந்தது' தன்வினை, 'அழித்தார்கள்' பிறவினை. முன்னதில் செய்தவர் யார் என்பது தெரியாது. மேலே சொன்ன நான்கு ஆங்கிலச் சொற்களும் இந்தப் பொருளில் தன்வினைகளே.

1950களில் மலாயாவில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக மறுபடி விற்றார்கள். தொழிலாளர் பலர் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தனர். இதையே 'தோட்டத் துண்டாடல்' என்கிறோம். இதைத் தடுக்கத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று, தொழிலாளர் தரும் பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டம் வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டம் தானாக மறைந்திருந்தால் அதைத் தடுக்க வழி ஏது? விற்கப்பட்டதால்தான் வாங்கிக் காக்க முடிந்தது.

ஆகவே பிள்ளைகளே, 'எங்கள் தோட்டம் மறைந்தது' என்று எழுதும் முன் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். விற்றார்களா, பிரித்தார்களா, வீடமைப்புக்குக் கொடுத்தார்களா? ஜொகூர் பாருவில் தாமான் மவுண்ட் ஆஸ்டின் இன்று கடைவீதியும் வீடுகளுமாக நிற்கிறது. பெயர் மட்டும் பழைய ரப்பர்த் தோட்டத்தின் பெயர். நடந்ததைத் தெரிந்துகொண்டால் அதற்குரிய சொல் தானே வந்து நிற்கும்.