இலங்கைச் சட்டமன்றங்களில் உத்தியோக ஆசனங்கள்

இன்று இலங்கையில் உயர்தரப் பதவி வகிக்கும் அரசாங்க ஊழியர் ஒருவர் பாராளுமன்றத்தில் அமர விரும்பின், தம் பதவியைத் துறந்தே ஆதல் வேண்டும். ஆனால் 1833 ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டின் சட்டமன்றங்களில் அரசாங்க ஊழியருக்கெனத் தனி ஆசனங்கள் இருந்தன. பதவி கிடைத்தால் ஆசனமும் கிடைக்கும். பதவி நீங்கின் ஆசனமும் நீங்கும். அவ்வாசனங்கள் எதன்பொருட்டு ஏற்பட்டன, எவ்வாறு மறைந்தன என்பது நமது அரசியல் வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒரு பகுதியாகும்.

கோல்புறூக் குழுவினரின் விதப்புரைகளையடுத்து 1833 இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. தேசாதிபதி தலைமை தாங்கிய அச்சபையில் உத்தியோக அங்கத்தவர் 9 பேர்; உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் 6 பேர். குடியேற்றச் செயலாளர், படைத் தளபதி, திறைசேரித் தலைவர் போன்றோர் முதல் வகையினர். ஐரோப்பியர் மூவரும், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொருவருமாக நியமிக்கப்பட்டோர் இரண்டாம் வகையினர். இவர்கள் ஆசனம் ஏற்றது 1835 இலேயே ஆகும். அதுகாறும் தேசாதிபதி ஒருவரிடமே குவிந்திருந்த அதிகாரத்தை ஓரளவு வரையறுப்பதே சபையின் நோக்கமாயிருந்தது. நிருவாகத்தை நேரில் அறிந்த ஊழியர் சபையிலிருந்து தம் அறிவைப் பகிர்வர் என்று எதிர்பார்த்ததிற் பிழையில்லை. ஆயின் அவர்கள் தம் அறிவின்படி வாக்களிக்கலாமா, மேலிடத்துக் கட்டளையின்படி வாக்களிக்க வேண்டுமா என்ற வினா எழுந்தபோதுதான் அவ்வாசனங்களின் உண்மை இயல்பு வெளிப்பட்டது.

1864 இல் அவ்வினாவுக்கு ஐயந்திரிபற விடை கிடைத்தது. இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்த பிரித்தானியப் படையின் செலவை இந்நாட்டு வருவாயிலிருந்து செலுத்த வேண்டும் என இலண்டன் வற்புறுத்தியது. மக்கள் செலுத்தும் வரிப்பணத்தைப் பற்றிச் சபை தீர்மானிக்க வேண்டுமேயன்றி, கடல்கடந்த அமைச்சர் ஒருவர் தீர்மானிக்கலாகாது என்பது உத்தியோகப்பற்றற்றோரின் வாதம். உத்தியோக அங்கத்தவரோ அரசாங்கத்துடன் நின்று வாக்களிக்கக் கடமைப்பட்டிருந்தனர். வாதத்தில் வென்றாலும் வாக்கில் வெல்ல முடியாத சபையில் இருந்து பயனென்ன என்று கருதி, சாள்ஸ் அம்புறோஸ் லொறன்ஸ், ஜோர்ஜ் வோல் முதலானோர் அவ்வாண்டு நவம்பரில் பதவி துறந்தனர். மறு ஆண்டில் இலங்கைச் சங்கம் என்ற அமைப்புத் தோன்றியது. தோட்டத்துரைமாரும் சுதேச வழக்கறிஞரும் ஒரே மேடையில் நின்ற அரிய காட்சி அது. எனினும் சபையின் அமைப்பு உடனடியாக மாறவில்லை.

மாறியபோதும் அம்மாற்றம் மிகக் கவனமாக எண்ணிச் செய்யப்பட்டதாகவே தோன்றுகிறது. 1889 இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் ஆசனம் வழங்கப்பட, உத்தியோகப்பற்றற்றோர் தொகை 8 ஆயிற்று; எதிர்ப்பக்கத்தில் 9 பேர். 1910 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் கீழ் அவர்கள் தொகை 10 ஆக உயர்ந்தது. எதிர்ப்பக்கமும் 11 ஆக உயர்ந்தது. ஒரு வாக்குப் பெரும்பான்மை இரு தடவையும் தப்பாது காக்கப்பட்டதைக் காண்க.

இவ்வேற்பாடு தனிமனிதரை எவ்வாறு கட்டுப்படுத்தியது என்பதற்குப் பொன்னம்பலம் சகோதரர் இருவரும் சான்றாவர். இராமநாதன் 1879 முதல் 1892 வரை தமிழர் பிரதிநிதியாகச் சபையிலிருந்தவர். பின்னர் சொலிசிற்றர் ஜெனரலாக 1906 வரை அரசாங்க சேவையிலிருந்து, ஓய்வுபெற்ற பின் 1911 இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகத் தெரிவு செய்யப்பட்டார். தம்பியார் அருணாசலத்தின் வழி வேறு. போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரான அவர், 1906 இல் உத்தியோக அங்கத்தவராகச் சபையில் அமர்ந்தார். சீர்திருத்தக் கோரிக்கைகள் நாட்டில் வலுப்பெற்ற அதே ஆண்டுகளில், நாட்டு மக்களின் அரசியலுரிமை பற்றி ஆழ்ந்த கருத்துடைய ஒருவர், கோரிக்கைகளை மறுத்துக்கொண்டிருந்த பக்கத்தில் அமர்ந்திருந்தார். 1913 இல் ஓய்வுபெற்ற பின்னரே அவரது குரல் விடுதலை பெற்றது எனலாம். 1917 இல் ‘எமது அரசியல் தேவைகள்’ பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவும், 1919 இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைமைப் பதவியும் அதன் பின்னர் விளைந்தவை. ஆசனம் அருணாசலத்துக்கு உரியதாயிருக்கவில்லை. அவர் வகித்த பதவிக்கே உரியதாயிருந்தது.

1920 ஆம் ஆண்டு மனிங் சீர்திருத்தம் 14 உத்தியோகத்தருக்கு எதிரே 23 பேரை அமர்த்திற்று. 1924 இல் இது 12 க்கு 37 ஆயிற்று. ஆனால் நிருவாகம் உத்தியோகத்தர் கையிலேயே இருந்தது. இதனால் நிலைமை தலைகீழாயிற்று. முன்னர் பதில் கூறாமலே வாக்கில் வென்ற ஊழியர், இப்போது வாக்குப் பலமின்றித் திணைக்களங்களுக்குப் பதில் கூற வேண்டியவராயினர். அவர்களைக் கண்டிப்போருக்கோ ஆட்சிப்பொறுப்பு எதுவும் இருக்கவில்லை. பல தசாப்தங்களாக அடக்கப்பட்ட மனக்குறை கண்டனமாய் வெடித்தது வியப்பன்று; எனினும் அவ்வடிகளைத் தாங்கிய ஊழியர் பலர் அக்கொள்கைகளை வகுத்தவரல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1927 இல் வந்த டொனமூர் ஆணைக்குழு இக்குறையை நன்கு கண்டது. அதிகாரம் ஒருவரிடமும் பொறுப்பு வேறொருவரிடமும் இருத்தல் ஆகாது என்பதே அதன் முடிவின் சாரம்.

எனவே 1931 இல் அமைந்த அரசாங்க சபையில் 50 பேர் மக்களால் தெரிவு செய்யப்பட்டனர். 8 பேர் நியமனம் பெற்றனர். அரசாங்க ஊழியருக்கு எஞ்சியவை மூன்று ஆசனங்களே. பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் ஆகிய அம்மூவரும் சபையிற் பேசலாம், வாக்களிக்க இயலாது. 1864 இல் பேசாமலே வாக்களித்து வென்றோரின் வழிவந்தோர் ஈற்றில் வாக்கின்றிப் பேசுவோராயினர்.

சோல்பரி யாப்பின் கீழ் 1947 இல் இம்மூன்று ஆசனங்களும் ஒழிந்தன. புதிய பிரதிநிதிகள் சபையில் 95 தெரிவு ஆசனங்களோடு 6 நியமன ஆசனங்கள் இருந்தபோதிலும், அவை போதிய பிரதிநிதித்துவம் பெறாதோருக்கே உரியன. அரசாங்க ஊழியராயிருத்தல் அங்கத்துவத்துக்குத் தகுதியாயிருந்த நிலை போய், தகுதியீனமாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. 1978 ஆம் ஆண்டு யாப்பின் 91 ஆம் உறுப்புரையில் உயர்தர உத்தியோகத்தர் குறித்து அத்தகுதியீனம் இன்றும் நிற்கிறது.