ஓட்டம் நின்ற பிறகு: இரு ஓட்டக்காரர்கள் நமக்குச் சொல்லும் பாடம்



ஒவ்வோர் ஆண்டும் பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து, மாவட்ட நிலைக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் இரு வகைப் பெற்றோரை நான் சந்திப்பதுண்டு. “ஓடி என்ன ஆகப் போகிறது ஆசிரியரே, படிப்புக் கெட்டுவிடும்” என்று பிள்ளையைத் திடலிலிருந்து அழைத்துச் செல்வோர் ஒரு வகையினர். “இவனுக்குப் படிப்பு வராது, ஓட்டந்தான் வரும், அதிலேயே விட்டுவிடுங்கள்” என்போர் மற்றொரு வகையினர். இரு சாராரும் பிள்ளையின் நலத்தையே நாடுகின்றனர். ஆயினும் இருவரும் ஒரே எண்ணத்தில்தான் நிற்கின்றனர்: ஒரு மனிதனுக்கு ஒரு முகந்தான் உண்டு என்பதே அது. அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு நம் மண்ணின் விளையாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 1943-ஆம் ஆண்டு பிறந்தவர் மணி ஜெகதீசன். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவைப் பிரதிநிதித்து ஓடியபோது அவருக்கு வயது பதினாறு. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம். அவ்வாண்டே மலேசியாவின் சிறந்த விளையாட்டு வீரர் விருது அவருக்கும், சிறந்த வீராங்கனை விருது 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ராஜாமணிக்கும் வழங்கப்பெற்றன. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017-இல் முறியடிக்கப்படும்வரை 49 ஆண்டுகள் நிலைத்தது.

பாங்காக்கின் 100 மீட்டர் இறுதியோட்டத்தில் அவருக்கு அடுத்து வந்தவர் சிங்கப்பூரின் கனகசபை குணாளன். புகைப்படத்தைக் கொண்டே முடிவு சொல்ல வேண்டிய அளவுக்கு இருவரும் நெருங்கி ஓடினர். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் இருவரும் மலேசியக் குழுவில் இருந்தவர்கள். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானபின் எதிரெதிர்க் கொடிகளின் கீழ் ஓடினர். மெக்சிகோவில் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடிகளில் ஓடி ஏற்படுத்திய சிங்கப்பூர்ச் சாதனை 2001 வரை, 33 ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மெக்சிகோவில் ஜெகதீசனுக்கு வயது 24, குணாளனுக்கு 25. வாழ்நாளின் மிகச் சிறந்த ஓட்டத்தை ஓடி முடித்தபோது, பெரும்பாலோர் வாழ்க்கையைத் தொடங்கும் வயதில்தான் அவர்கள் இருந்தனர். எஞ்சியுள்ள ஆண்டுகளை எதைக்கொண்டு நிரப்புவது?

அவ்விருவருக்கும் விடை முன்னரே ஆயத்தமாக இருந்தது. ஜெகதீசன் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். ‘பறக்கும் மருத்துவர்’ என்ற பட்டப்பெயரே அவருடைய இரு முகங்களையும் இணைத்துக் காட்டும். தடத்தை விட்டு விலகியபின் நுண்ணுயிரியல் துறையில் ஆய்வு செய்தார். 1900-இல் நிறுவப்பெற்ற கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக விளங்கினார். சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவிலும், காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பிலும் ஊக்கமருந்துத் தடுப்புப் பணியில் பல்லாண்டு ஈடுபட்டார். ஓட்டக்காரரும் மருத்துவரும் ஒருவருக்குள்ளேயே கைகோத்துக்கொண்டனர் எனலாம்.

குணாளனோ நம் இனத்தவர். ஆசிரியர் இனத்தைச் சொல்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த அவர், இருபது வயதைக் கடந்த பிறகே பயிற்றுநர் டான் எங் யூனின் கண்ணில் பட்டு விரைவோட்டத்திற்கு வந்தார். ஓட்டக் காலம் முடிந்ததும் கல்வித் துறையிலேயே தொடர்ந்து, தேசியக் கல்விக் கழகத்தில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளரானார். பதக்கங்களை எண்ணிவிடலாம். அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் வழியாக எத்தனை பிள்ளைகள் ஓடக் கற்றனர் என்பதை எண்ண இயலுமா?

இதனை அவர்களின் தனிச்சிறப்பு என்று மட்டும் கொள்வது முறையாகாது. காலத்தின் பங்கும் உண்டு. அக்காலத்தில் ஒலிம்பிக் இயக்கம் விளையாட்டைப் பிழைப்பாகக் கொள்வோரை ஏற்கவில்லை. 1952 முதல் 1972 வரை அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ் இவ்விதியில் மிகக் கண்டிப்பானவர். ஏழை வீரர்களை அவ்விதி வாட்டியது உண்மையே. எனினும், ஓடுபவர் பலரும் வேறொரு தொழிலையும் கற்க வேண்டியிருந்தது.

பின்னர் நிலை மாறியது. 1980-களில் அவ்விதி தளர்ந்தது. 1972-இல் மலேசியத் தேசிய விளையாட்டு மன்றமும், 1996-இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், 2004-இல் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியும் தோன்றின. பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகள் முழுநேரப் பயிற்சிக்குள் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. இது நல்ல வாய்ப்பே. நான் குறை கூறவில்லை. ஆயின் ஆபத்தும் உடன் வந்தது.

1993-இல் புரூவர், வான் ரால்ட்டே, லிண்டர் என்னும் அமெரிக்க உளவியலாளர் மூவர், ‘விளையாட்டாளர் அடையாளம்’ குறித்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அது ஹெர்குலிஸின் தசையா, அக்கிலிஸின் குதிகாலா என்று தலைப்பிலேயே வினவினர். ‘நான் ஒரு வீரன்’ என்ற உறுதி வெற்றிக்கு வலுவூட்டும். ‘நான் வீரன் மட்டுமே’ என்றாகிவிட்டால், காயமோ ஓய்வோ நேரும் நாளில் அதுவே வீழ்த்திவிடும். பயிற்சியை விடுகின்றவர் பந்தயத்தை மட்டுமா இழக்கிறார்? விடியற்காலை எழுவதற்கான காரணம், பயிற்றுநரின் குரல், தோழர் கூட்டம், ‘இன்று முன்னேறினேன்’ என்று காட்டும் கடிகாரம், அனைத்தும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. அந்த வெறுமையைச் சோம்பல் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

எனவே பெற்றோர்களே, ஓடும் பிள்ளையை ஓடவிடுங்கள். ஆனால் வீட்டில் அவனை ‘ஓட்டக்காரன்’ என்ற ஒரே பெயரால் அழைக்காதீர்கள். அவன் வாசிப்பதையும், தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவதையும் அதே மகிழ்ச்சியோடு பாராட்டுங்கள். ஆசிரியர்களே, மாநில நிலையில் தோற்றுத் திரும்பும் மாணவியிடம் நேரத்தை மட்டும் கேளாமல், அங்கே என்ன கற்றாய் என்றும் கேளுங்கள். இளைய மாணவர்க்குப் பயிற்சியளிக்க அவளை அழையுங்கள். தான் கற்றது பிறர்க்கும் பயன்படும் என்பதை அவள் அன்றே உணரட்டும்.

20.92 என்ற எண்ணும் 10.38 என்ற எண்ணும் முறியடிக்கப்பட்டுவிட்டன. சாதனைகளின் இயல்பே அதுதான். மருத்துவரும் ஆசிரியரும் செய்த பணிக்கு அவ்வாறு முடிவில்லை. நம் பிள்ளைகளுக்கு இவ்விருவரின் கதையையும் சொல்வோம். பதக்கத்தோடு நிறுத்தாமல், அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்தே சொல்வோம்.