நெளிந்து வந்த கப்பல்

சிகாகோ என்ற பெயரைச் சொன்னவுடன் நம்மவர்களுக்கு 1893-ஆம் வருஷம் நினைவுக்கு வந்துவிடும். அளசிங்கப் பெருமாளும் அவருடைய சென்னை நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் சேர்த்தது, விவேகானந்தர் கப்பலேறியது, சர்வமத சபையில் அவர் பேசியது எல்லாம் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து நாம் கேட்டுவரும் கதை. ஆனால் அந்தச் சபை ஒரு மகத்தான திருவிழாவின் சிறு கிளை என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. கொலம்பஸ் மேற்கே நிலம் கண்ட 400-வது ஆண்டைக் கொண்டாடக் கூட்டிய உலகக் கண்காட்சி அது. 1892-இல் நடந்திருக்க வேண்டும். வேலை முடியாமல் 1893 மே மாதம் 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் வாசலைக் கடந்தவர்களின் கணக்கு 2 கோடியே 70 லட்சத்துக்கு மேல் போயிற்று.

கொலம்பஸ் கடலோடி அல்லவா? ஆகவே கண்காட்சியில் தண்ணீருக்குக் குறைவில்லை. மிச்சிகன் ஏரிக்கரையில் சதுப்பாகக் கிடந்த நிலத்தை வெட்டி, கால்வாய்களும் தடாகங்களும் அமைத்து, நடுவே வெள்ளை மாளிகைகளை எழுப்பியிருந்தார்கள். நிலத்தைத் திட்டமிட்ட ஓல்ம்ஸ்டெட் படகு விஷயத்தில் பிடிவாதக்காரர். புகை கக்கிக்கொண்டு இரையும் நீராவிப் படகுகள் தம் தடாகத்தில் கூடாது. படகுகள் சிறியனவாக, ஓசையின்றி நழுவிச் செல்லவேண்டும் என்றார். அப்படியே மின்சாரத்தால் ஓடும் படகுகள் 50-க்கு மேல் வந்தன. வெனிஸ் நகரத்திலிருந்து கோண்டோலாப் படகுகளும், அவற்றைத் தள்ளுவதற்கு அந்த ஊர் ஓடக்காரர்களுமே வந்து சேர்ந்தார்கள். நகரத்திலிருந்து ஜனங்களை ஏற்றிவரத் திமிங்கிலத்தின் முதுகுபோல் வளைந்த ஒரு நீராவிக் கப்பல் ஓடியது. அதற்கும் கொலம்பஸ் பெயர்தான்.

இந்தப் படகுச் சந்தையில் பெரிய வேடிக்கை 'இல்லினாய்' என்ற போர்க்கப்பல். கம்பீரமாக நின்றது, நிஜமான கடற்படைச் சிப்பாய்களே அதில் காவல் இருந்தார்கள். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால் செங்கல்! ஏரியின் அடியில் கழிகளை நட்டு அவற்றின்மேல் கட்டிய கட்டடம் அது. பெரிய பீரங்கிகள் மரத்தால் செய்தவை. அந்தப் பெரிய ஏரிகளில் போர்க்கப்பல் வைப்பதற்கு 1817-இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கை குறுக்கே நின்றது. செங்கல்லுக்கு எந்த உடன்படிக்கை தடை?

விழா நாயகரின் மூன்று கப்பல்களும் வந்திருந்தன. சாண்டா மரியா, பிண்டா, நீனா ஆகிய மூன்றையும் ஸ்பெயின் தேசத்தில் புதிதாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். கொலம்பஸின் கப்பல்களுக்கு வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. பழைய ஏடுகளையும் சித்திரங்களையும் வைத்து ஊகித்துக் கட்டினார்கள். பிண்டாவையும் நீனாவையும் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இழுத்துக்கொண்டு வந்தன. சாண்டா மரியா மட்டும் தன் பாய்களை நம்பிக் கிளம்பி, கானரித் தீவிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்கு 36 நாளில் வந்தது. வழியெல்லாம் அது ஆடிய ஆட்டம் மாலுமிகளுக்கு மறக்கக்கூடியதாக இல்லை.

ஜூலை 12-ஆம் தேதி, இந்த மூன்றுக்கும் போட்டியாக, யாரும் இழுக்காமல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த மற்றொரு கப்பல் சிகாகோ வந்து சேர்ந்தது. நகர மேயர் கார்ட்டர் ஹாரிசன் அதில் ஏறி, கடைசிக் கொஞ்ச தூரம் தாமே தலைமை வகித்து நடத்தி வந்தார். (பாவம், கண்காட்சி மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த மனிதரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.) கப்பலின் பெயர் 'வைக்கிங்'. மேல்தளம் இல்லாத திறந்த மரக்கலம் அது. நீளம் 76 அடி, அகலம் 17 அடி. அதில் வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

நார்வே தேசத்தில் சாண்டெஃப்யோர்டு என்ற ஊருக்கு அருகே கோக்ஸ்டாட் என்று ஒரு பண்ணை. அங்கே இருந்த மேட்டை 'அரசன் மேடு' என்று சொல்லிவந்தார்கள். 1880-இல் பண்ணைக்காரரின் பிள்ளைகள் அதைத் தோண்ட ஆரம்பித்தார்கள். விஷயம் தெரிந்து நிக்கோலாய்சன் என்ற ஆராய்ச்சியாளர் வந்து வேலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நீலக் களிமண்ணுக்குள் ஒரு முழுக் கப்பல்! சுமார் கி.பி. 900-இல், அந்தக் கப்பலையே சமாதியாக்கி ஒரு பிரமுகரைப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பதினாறாக 32 துடுப்புகள், 64 கேடயங்கள், குதிரைகள், நாய்கள் எல்லாம் இருந்தன. மயிலின் எலும்புகூட இருந்தது. பனி மூடும் அந்த நாட்டுக்கு நம் தேசத்துப் பறவை எத்தனை கை மாறிப் போயிற்றோ!

இந்தக் கப்பலைக் கண்ட பிறகும் ஒரு கேள்வி தீரவில்லை. கொலம்பஸுக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே லெய்ஃப் எரிக்ஸன் மேற்கே சென்று ஒரு புது நிலம் கண்டான் என்று ஐஸ்லாந்துக் கதைகள் கூறுகின்றன. அது கதைதான் என்று தள்ளியவர்கள், இத்தனை மெல்லிய கலம் கரையோரத்தில் உலவலாம், மகா சமுத்திரத்தைக் கடக்குமா என்று கேட்டார்கள். மாக்னுஸ் ஆண்டர்சன் என்ற மாலுமி, பேச்சால் தீராததைக் கடலில் தீர்ப்பது என்று முடிவு செய்தார். ஜனங்களிடம் சந்தா திரட்டி, கோக்ஸ்டாட் கப்பலை அளவெடுத்து அதே அளவில் ஒரு பிரதி கட்டினார். அப்போது நார்வே ஸ்வீடன் மன்னரின் கீழ் இருந்தது. தனி நாடாக 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே சந்தா கொடுத்தவர்கள் மரத்துக்காக மட்டும் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

1893 ஏப்ரல் 30-ஆம் தேதி பெர்கன் துறைமுகத்தை விட்ட கப்பல் 28 நாளில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையைக் கண்டது. அந்த 28 நாளில் ஆண்டர்சன் அறிந்தவைதான் என் மனசில் இந்தக் கண்காட்சியின் மெய்யான காட்சிப் பொருள்கள்.

வேகம் முதலாவது. சில சமயம் மணிக்கு 10, 11 கடல்மைல்வரை ஓடியது. மே 15-க்கும் 16-க்கும் இடையே ஒரே நாளில் 223 கடல்மைல் கடந்தது. சுக்கான் இரண்டாவது. நம் காலத்துக் கப்பல்களில் சுக்கான் பின்முனையில் இருக்கும். இதிலோ வலப் பக்கத்து விலாவில் பெரிய துடுப்புப்போல் தொங்கியது. இங்கிலீஷில் கப்பலின் வலப்பக்கத்தை 'ஸ்டார்போர்டு' என்பதே இந்தச் சுக்கான் பலகையால் வந்த பெயர். பழங்கால மனிதர்களின் அறியாமை என்று பலர் அதை எண்ணியிருந்தார்கள். எந்தக் காற்றிலும் ஒரே ஆள் பிடித்து நடத்த முடிந்தது என்று ஆண்டர்சன் எழுதினார். இம்மாதிரிக் கலத்துக்குப் பின்முனைச் சுக்கானைவிட இதுவே மேல் என்பது அவருடைய தீர்ப்பு.

மூன்றாவதுதான் விசேஷம். எதிர் அலை மோதும்போது கப்பலின் அடித்தளமும் அடிமரமும் முக்கால் அங்குலம்வரை மேலும் கீழும் ஏறி இறங்கின. பக்கத்து விளிம்பு 6 அங்குலம்வரை முறுக்கிக்கொண்டு நேர்க்கோட்டை விட்டு விலகியது. ஒரு பெட்டி இப்படி நெளிந்தால் உடைந்துபோகும். கப்பல் நெளிந்தால் கேட்கவேண்டுமா? ஆனால் உள்ளே தண்ணீர் கசியவில்லை!

மூலக் கப்பலைக் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். பலகைகள் ஓட்டுக்கூரை போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரும்பு ஆணியால் பிணைந்திருக்கின்றன. தண்ணீருக்குள் அமிழும் பலகைகளின் கனம் சுமார் ஓர் அங்குலம்தான். அவற்றை உள்ளே இருக்கும் விலா மரங்களோடு ஆணியடித்து இறுக்கவில்லை. பலகையைச் செதுக்கும்போதே உள்பக்கம் சில முடிச்சுகளை விட்டுவைத்து, மர வேர்களைக் கயிறாகத் திரித்து, அந்த முடிச்சுகளில் கோத்து விலாவோடு கட்டியிருக்கிறார்கள். கட்டு இருக்கிறது, விறைப்பு இல்லை.

இந்த இடத்தில் நம் கடற்கரையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகம் எழும்வரை சென்னைக்கு வந்த கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சின. துரைமாரும் துரைசானிகளும் மசூலாப் படகில் இறங்கி, நனைந்து நடுங்கிக் கரை சேர்ந்தார்கள். ஐரோப்பாவில் கட்டிய உறுதியான படகுகள் நம் அலையில் நொறுங்கிப்போயின. மசூலாப் படகு பிழைத்தது. அதில் விலா மரமே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு உடம்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். நார்வேத் தச்சன் வேரால் கட்டினான். நம் தச்சன் கயிற்றால் தைத்தான். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவரும் புத்தகம் எழுதிவைக்கவில்லை. அங்கே கப்பலை மண் காப்பாற்றிக் கொடுத்தது. இங்கே ஃபைபர் படகுகள் வந்த பிறகு தைத்த படகு அருகிவிட்டது. தைக்கத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன.

சிகாகோவில் கூடிய ஜனங்களுக்கு வருவோம். 'வைக்கிங்' கப்பலைப் பார்க்க வந்தவர்களின் கண்ணை முதலில் இழுப்பது முன்முனையில் வாய் பிளந்து நிற்கும் யாளி போன்ற நாகத் தலை. பின்முனையில் அதன் வால். ஆனால் கோக்ஸ்டாட் கப்பலில் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. களிமண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரு முனைகளும் மக்கிப்போய்விட்டன. அங்கே என்ன இருந்தது என்று சொல்ல எவராலும் இயலாது. சிகாகோவுக்குப் போகிறோமே என்று அழகுக்காக வைத்தது அந்தத் தலை. நெளியும் உடம்போ துறையில் கட்டிய கப்பலில் தெரிவதில்லை. அதைக் காண நடுக்கடலுக்குப் போகவேண்டும்.

லெய்ஃப் கேள்வி என்ன ஆயிற்று? கப்பல் போக முடியும் என்று தெரிந்தது; போனார்கள் என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றல்ல. இன்னொன்றையும் சொல்லவேண்டும். கோக்ஸ்டாட் கப்பல் துடுப்பும் பாயும் கொண்ட பெருமகனின் கலம். ஆடுமாடும் குடும்பமுமாகக் கிரீன்லாந்துக்குக் குடியேறியவர்கள் ஏறிச்சென்றது இன்னும் அகன்று ஆழ்ந்த சரக்குக் கப்பல். அந்த வகையில் ஒன்று 1962-இல் டென்மார்க்கில் ரோஸ்கில்டே கழிமுகத்திலிருந்துதான் கிடைத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1960-இல், ஹெல்கே இங்ஸ்டாட் என்ற நார்வேக்காரர் நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையில் லான்ஸ் ஒ மெடோஸ் என்னுமிடத்தில் புல் மூடிய வீட்டு அடித்தளங்களைக் கண்டார். அவருடைய மனைவி ஆன் ஸ்டினே பல ஆண்டுகள் அகழ்ந்து, அவை வடநாட்டார் குடியிருப்பே என்று நிறுவினார். அங்கே கிடைத்த மரத்துண்டுகளை ஆராய்ந்து, அவற்றை வெட்டிய வருஷம் கி.பி. 1021 என்று 2021-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஆண்டர்சன் 28-ஆம் நாள் கண்ட நிலமும் அதே நியூஃபவுண்ட்லாந்துதான்.

கண்காட்சி முடிந்தபின் வெள்ளை மாளிகைகளில் பெரும்பாலானவை தீயில் போயின. செங்கல் போர்க்கப்பலை இடித்தார்கள். கொலம்பஸின் சிறு கப்பல்கள் இரண்டும் முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் அழிந்தன. ஒன்று மூழ்கியது, மற்றொன்று எரிந்தது. 'வைக்கிங்' மிசிசிப்பி ஆற்று வழியாக நியூ ஆர்லியன்ஸ்வரை போய்த் திரும்பி, சிகாகோவின் லிங்கன் பூங்காவில் வெயிலிலும் பனியிலும் நெடுங்காலம் கிடந்தது. நார்வே வழிவந்த பெண்கள் சங்கத்தார் 1920-ஐ ஒட்டிப் பணம் சேர்த்து அதைச் செப்பனிட்டார்கள். 1990-களில் அதை மேற்கே ஜெனீவா என்ற சிற்றூரின் பூங்காவுக்குக் கொண்டுபோய், கூரை போட்டு நிறுத்தினார்கள். நாகத் தலையையும் வாலையும் கழற்றி அருங்காட்சியகத்தில் தனியே பாதுகாத்தார்கள்.