மருந்தகம் முதல் மருத்துவ மையம் வரை: மணிலா செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையின் வளர்ச்சி

பிலிப்பைன்ஸின் முன்னணித் தனியார் மருத்துவமனைகளுள் ஒன்றான செயின்ட் லூக்ஸ் மருத்துவ மையம், 1903இல் மணிலாவில் ஏழைகளுக்கான சிறு வெளிநோயாளர் மருந்தகமாகத் தொடங்கியது. அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபை நிறுவிய இம்மருத்துவமனை, 1975இல் தன்னாட்சி பெற்றது. மிஷன் நன்கொடை, செவிலியர் கல்வி, கட்டண வருவாய் என இதனைத் தாங்கிய ஆதாரங்கள் காலந்தோறும் மாறிவந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றப் பின்னணி

1898ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின்படி பிலிப்பைன்ஸ் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. கத்தோலிக்கத் துறவியர் நடத்திய சான் உவான் டி டியோஸ் போன்ற பழைய மருத்துவமனைகள் மணிலாவில் ஏற்கெனவே இருந்தன. ஆயினும் 1902இல் பரவத் தொடங்கிய காலரா 1904க்குள் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அரசின் பெரிய பொது மருத்துவமனை 1910இல்தான் திறக்கப்பட்டது.

எபிஸ்கோப்பல் திருச்சபையின் பேராயர் சார்லஸ் ஹென்றி பிரென்ட் மணிலா வந்திறங்கியதும் 1902இல்தான். கத்தோலிக்கரை மதம் மாற்றுவதை அவர் நோக்கமாகக் கொள்ளவில்லை. ஆகவே கல்வியும் மருத்துவமும் அவருடைய மிஷனின் முக்கியப் பணிகளாயின. அவ்வழியில் மணிலாவின் ட்ரோசோ பகுதியில் அமைந்ததே புனித லூக்காவின் பெயர் தாங்கிய மருந்தகம்.

செவிலியர் பள்ளி

மருந்தகத்துக்கு வந்தவர்கள் மருந்து பெற்றுக்கொண்டு வீடு திரும்பினர். அறுவை சிகிச்சைக்கும் நீடித்த காய்ச்சலுக்கும் அது போதாது. படுக்கைகளும் இரவு பகலாகக் கவனிக்கும் ஆட்களும் தேவை. மருந்தகம் மருத்துவமனையாக வளர்ந்தபோது, அந்த ஆட்களை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியும் சேர்ந்துகொண்டது. 1907இல் மூன்று பிலிப்பினோ பெண்களுடன் செவிலியர் பள்ளி தொடங்கியது. முந்தைய ஆண்டு இலோய்லோ மிஷன் மருத்துவமனை இத்தகைய பள்ளியைத் தொடங்கியிருந்தது.

பயிற்சியின் பலன் பிற்காலத்தில் நிர்வாகத்திலும் தெரிந்தது. விட்டாலியானா பெல்ட்ரான் முதல் பிலிப்பினோ செவிலியர் கண்காணிப்பாளராகவும், டாக்டர் ஹோசே ஃபோரெஸ் முதல் பிலிப்பினோ மருத்துவ இயக்குநராகவும் பொறுப்பேற்றனர்.

இடமாற்றமும் தன்னாட்சியும்

1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த மணிலாப் போர் நகரின் பெரும்பகுதியை அழித்தது. 1948இல் கேசோன் நகரம் தலைநகராக அறிவிக்கப்பட்டது. மக்களும் நிறுவனங்களும் அத்திசையில் நகர்ந்தன. செயின்ட் லூக்ஸும் 1961இல் அங்கிருந்த கதீட்ரல் ஹைட்ஸ் வளாகத்துக்கு மாறியது. அதே வளாகத்தில் 1963இல் டிரினிட்டி கல்லூரி உருவானது. செவிலியர் கல்வி பின்னர் அதனோடு இணைந்தது.

1975இல் நிர்வாகம் திருச்சபையிடமிருந்து தனி அறங்காவலர் குழுவுக்குச் சென்றது. அமெரிக்க வழக்கறிஞர் வில்லியம் குவாஷா அதன் தலைவரானார். பங்குதாரர் இல்லாத, இலாப நோக்கற்ற கழகமாக மருத்துவமனை இயங்கியது. இவ்வமைப்பில் உபரி வருவாயை யாரும் பங்கிட்டுக்கொள்ள இயலாது. அது கட்டடம், கருவிகள், பயிற்சி ஆகியவற்றுக்கே திரும்ப வேண்டும். பிற்கால விரிவாக்கத்துக்கு இந்த ஏற்பாடே அடித்தளம். 1994இல் குவாஷாவின் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியும் உருவானது.

தரச்சான்றும் இரண்டாம் வளாகமும்

2003இல் ஜாயின்ட் கமிஷன் இன்டர்நேஷனல் அமைப்பின் தரச்சான்றை இம்மருத்துவமனை பெற்றது. பிலிப்பைன்ஸில் அதைப் பெற்ற முதல் மருத்துவமனை இதுவே. இச்சான்றுக்காக வரும் ஆய்வாளர்கள் ஏடுகளை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு நோயாளி அனுமதிக்கப்பட்டது முதல் அவர் சென்ற ஒவ்வொரு பிரிவுக்கும் சென்று, மருந்து கொடுக்குமுன் அவர் அடையாளம் சரிபார்க்கப்படுகிறதா, தகவல் தவறாமல் கைமாறுகிறதா என்று விசாரிக்கின்றனர். 2010இல் டகிக் நகரின் போனிஃபாசியோ குளோபல் சிட்டியில் இரண்டாம் வளாகம் முறைப்படி திறக்கப்பட்டது.

முடிவு

நன்கொடையில் பிறந்த மருந்தகம், பயிற்சி பெற்ற ஆட்களால் மருத்துவமனையாக நிலைபெற்று, உபரியை மீண்டும் முதலீடாக்கும் சட்ட அமைப்பால் பெருவளாகங்களாக விரிந்தது. இவ்வளர்ச்சி பிலிப்பைன்ஸுக்கு உயர்தர மருத்துவத்தை அளித்தது. ஆனால் கட்டண வருவாயைச் சார்ந்த நிறுவனத்தில் ஏழை நோயாளிக்கான இடம் தானாக அமைவதில்லை. சமூக சேவைப் பிரிவு வழியே அதைத் திட்டமிட்டு ஒதுக்க வேண்டியுள்ளது. இலாப நோக்கற்ற தனியார் மருத்துவமனையின் தரத்தைக் கட்டடமும் கருவியும் மட்டுமன்றி, அந்த ஒதுக்கீட்டின் அளவும் தீர்மானிக்கிறது.