மேய்ச்சலற்ற கோடை: பாண்டிய நாட்டுக் குதிரைகளின் இறப்புக் குறித்த ஒரு மறுபார்வை

பிற்காலப் பாண்டியரின் குதிரை இறக்குமதியை ஆராய்வோர் பெரும்பாலும் இரண்டு அயலார் குறிப்புகளையே அடிப்படையாகக் கொள்கின்றனர். ஒன்று, 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவினுடையது. மற்றொன்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபினுடையது. ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை மன்னன் வாங்குகிறான் என்றும், அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகின்றனர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் போலோ எழுதுகிறார். மாபாருக்கும் பிற துறைமுகங்களுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்பதும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்பதும் வஸ்ஸாஃபின் கணக்கு. அவர் தரும் மொத்தத் தொகையான 22,00,000 தினார் இவ்விரண்டையும் பெருக்கிப் பெற்ற எண்ணே. அதைச் சுங்கக் கணக்காகக் கொள்வது பொருந்தாது.

குதிரைகள் மடிந்ததற்கு இருவரும் கூறும் காரணம் பராமரிப்பு அறியாமை. இரவும் பகலும் முளையில் கட்டி வைத்தனர். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் தின்னக் கொடுத்தனர். காய்ச்சிய பசும்பால் புகட்டினர் என்கிறார் வஸ்ஸாஃப். வேகவைத்த இறைச்சியும் சோறும் கொடுத்தனர் என்கிறார் போலோ. இக்கூற்றைத் தமிழக வரலாற்று நூல்கள் பலவும் வினா எழுப்பாமல் வழிமொழிந்துள்ளன. ஆனால் இவ்வுணவு பாண்டியர் இலாயங்களில் திடீரெனத் தோன்றிய விந்தையன்று. அர்த்தசாத்திரத்தின் அசுவாத்தியட்சன் பற்றிய பகுதி உயர்தரக் குதிரைக்குரிய படியை வகுக்கும்போது, அரைவேக்காட்டுத் தானியம், நெய் முதலிய கொழுப்பு, உப்பு ஆகியவற்றோடு ஐம்பது பலம் இறைச்சியையும் சேர்க்கிறது. வெனிசு நகரத்தார்க்கு வியப்பூட்டிய ஒன்று, இந்திய அரண்மனை மரபில் ஆயிரமாண்டுப் பழமை உடையதாக இருந்தது. அந்நூல் அச்சேறியதே 1909இல்தான் என்பதால், அதற்கு முன் போலோவைப் பதிப்பித்தோர் இவ்வொப்புமையைக் காண வாய்ப்பில்லை. பின்வந்தோர் காணாததற்குக் காரணம் சொல்வது கடினம்.

அர்த்தசாத்திரப் படியில் தானியத்துடன் புல்லும் பசுந்தீவனமும் அளவிட்டுச் சொல்லப்படுகின்றன என்பதே இங்குக் கருதத்தக்கது. அயலார் குறிப்புகளில் விடுபட்டிருப்பது புல். குதிரை அசைபோடாத விலங்கு. நார்ப்பொருள் அதன் பெருங்குடலில் நொதித்தே செரிக்கிறது. நாள் முழுதும் சிறிது சிறிதாக மேய்வதற்கு ஏற்ற உடலமைப்பு அது. புல் குறைந்து மாவுச்சத்து மிகும்போது வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் தோன்றும்; நடையின்றிக் கட்டிக் கிடக்கும் குதிரைக்கு இக்கேடு இன்னும் விரைவில் நேரும். வலிமையும் வேகமும் கொண்ட குதிரைகள் சிறிது காலத்தில் தளர்ந்து மெதுவாயின என்று வஸ்ஸாஃப் கூறுவது இதனோடு ஒத்துப்போகிறது. வெண்ணெயைக் குற்றம் சாட்டுவதற்கில்லை. உழைக்கும் குதிரைக்கு எண்ணெய் சேர்த்த தீவனம் இன்றும் வழங்கப்படுகிறது.

புல் ஏன் இல்லை? பாண்டிய நாட்டின் சமவெளிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. அம்மழையில் தழைக்கும் புல் மாசிக்குள் காய்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டே இப்பக்கம் வருவதால், பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை திறந்த நிலத்தில் பசுமை அரிது. எஞ்சிய தரிசும் குளக்கரையும் ஆடுமாடுகளுக்கு உரியவை. இருவரும் அறிந்த குதிரை உலகமோ வேறு. குப்ளாய் கானின் கோடைத் தலைநகரான ஷாங்டுவில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட வெண்குதிரைகள் கொண்ட மந்தையை வருணித்தவர் போலோ. வஸ்ஸாஃப் தம் நூலை 1312இல் ஒல்ஜெய்த்துவிடம் அளித்த சுல்தானியா நகரமே மங்கோலியரின் கோடை மேய்ச்சல் வெளியில் எழுந்தது. கோடையில் குதிரையோடு மலைப்புல்லை நோக்கி நகரும் மக்களிடையே வாழ்ந்தோர்க்குக் கட்டுத்தறி கொடுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

வெப்பத்தோடு கூடிய ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். குதிரை வியர்த்தே உடலைத் தணிக்கிறது. கடலோரக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. நாளடைவில் வியர்க்கும் திறனையே இழக்கும் நோய், வெப்ப நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஐரோப்பியக் குதிரைகளிடம் காலனிய மருத்துவர்களால் கண்டறியப்பட்டது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் சுர்ரா நோயின் கிருமியைக் கிரிபித் எவன்ஸ் பஞ்சாபில் 1880இல் கண்டார். இவற்றுள் எது காயல் இலாயங்களைத் தாக்கியது என வரையறுக்க இயலாவிடினும், அறியாமை ஒன்றே காரணம் என்னும் முடிவு நிலைக்காது. இந்நாட்டில் நல்ல பெட்டைக்கும் கோணற்கால் குட்டியே பிறக்கிறது என்று எழுதும் போலோவே தட்பவெப்பத்தையும் ஐயுறுகிறார்.

சாட்சிகளின் சார்பும் கவனிக்கத்தக்கது. கிஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியரிடம் உயர்பதவி வகித்தார். கடலில் மடிந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது. குதிரை மருத்துவர் எவரும் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்கள் தடுத்தனர் எனப் போலோ கூறுவது உண்மையாயின், வாங்குவோரின் அறியாமையில் விற்போர்க்கு நேரடி ஆதாயம் இருந்தது. அவ்வறியாமையைப் பற்றிய செய்தி எவர் வாய்வழி பரவியிருக்கக்கூடும் என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆங்கிலேயர் காலச் சென்னை மாகாணத்தில் இச்சிக்கல் கையாளப்பட்ட முறை ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் தானியம் வேகவைத்தே கொடுக்கப்பட்டது, அது கொள்ளு. ஆனால் குதிரை புல்லிடம் செல்லாத குறையைப் புல்லைக் குதிரையிடம் கொண்டுவந்து தீர்த்தனர். ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரனோடு புல் சேகரிக்க ஒருவர் தனியே அமர்த்தப்பட்டார். வடநாட்டில் அப்பணியைச் செய்தவர் ஆண். தென்னாட்டில் குதிரைக்காரனின் மனைவி. கோடையில் மேற்பரப்புக் கருகிய பின்னும் மண்ணுக்கடியில் உயிரோடிருக்கும் அறுகை வேரோடு பெயர்த்து, மண் போக அலசிக் கட்டாக்கிச் சுமந்துவருவது அவளுடைய அன்றாட உழைப்பு.